படச்சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு: பயணக் கேமராத் தேர்வின் வரலாறு

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் கேமராவைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கண்டதைக் காலம் அழிக்குமுன் பதிந்து வைக்கும் வேட்கை கவிஞர்க்கும் ஒளிப்படக் கலைஞர்க்கும் பொதுவானதே. படச்சுருளில் பழகிய கை டிஜிட்டல் கேமராவைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவது இந்நாளைய சிக்கலாகத் தோன்றினும், அதன் வேர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அவ்வேர் தமிழ் மண்ணிலேயே காணக்கிடைக்கிறது.

கண்ணாடியும் காகிதமும்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப், 1857ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாட்டுப் பயணம் தொடங்கினார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களைப் படமெடுத்து 1858இல் சென்னை மீண்டார். அந்நாளில் அவர் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு. நுண்மையாகப் பதியும், ஆனால் பூச்சு உலருமுன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். நம் வெயிலில் பூச்சு விரைந்து உலரும். மாட்டு வண்டிக் குலுக்கலில் கண்ணாடி உடையும். மற்றொன்று, மெழுகேற்றிய காகித நெகடிவ். நுண்மை சற்றுக் குறைவு. ஒளிபடும் நேரமும் மிகுதி. எனினும் முன்கூட்டியே ஆயத்தம் செய்து கொள்ளலாம், சுமையும் குறைவு.

டிரைப் பெரும்பாலும் காகிதத்தையே தேர்ந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். வெறுமையாகத் தெரிந்த வானத்தில் மேகங்களை நெகடிவிலேயே தீட்டவும் செய்தார். டிஜிட்டல் வந்தபின்தான் படத்தைத் திருத்தும் வழக்கம் வந்தது என்போர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அப்பணியைச் செலவு மிக்க ஆடம்பரமெனக் கருதி நிறுத்திவிட்டார்.

சுருளின் வாழ்வும் தேய்வும்

1925இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபோது, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு சட்டத்தில் உலகையே அடக்கிச் சட்டைப் பையில் கொண்டு செல்லும் காலம் பிறந்தது. நம் மாநிலத்திலேயே உதகையில் 1960இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருள் செய்து வழங்கியது. அதன் கறுப்பு வெள்ளைச் சுருளில் படம் பழகியோர் பலர். யானும் அவருள் ஒருத்தி.

ஆனால் 1969இல் பெல் ஆய்வகத்தில் உருப்பெற்ற ஒளியுணர் சில்லும், 1975இல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிட்டல் கேமராவும் வேறொரு காலத்தின் வரவைக் குறித்தன. சாசனின் கருவி ஒரு படத்தை நாடாவில் பதிக்க 23 நொடி எடுத்துக்கொண்டது. அதே கோடக் நிறுவனம் 2012இல் திவால் பாதுகாப்புக் கோரியது. உதகை ஆலையும் இன்று இயங்கவில்லை.

பழவேற்காட்டில் கற்றது

அனுப்பம்பட்டில் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு செல்வது என் நெடுநாள் வழக்கம். டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் அது. அவர்தம் கல்லறைத் தோட்டத்து வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும், எழுத்துகள் மங்கிவரும் கற்களையும் சுருள் சுருளாகப் படமெடுத்தேன். ஏரியின் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கத்தை எனக்கு விளக்கிய முதியவர் ஒருவரையும் எடுத்தேன். “படத்த எப்பம்மா காட்டுவ?” என்று கேட்டார். சுருளைத் தொலைவிலிருந்த கூடத்திற்கு அனுப்பி, கழுவி வரத் திங்கள் ஒன்று கடந்தது. படத்துடன் நான் சென்றபோது அவர் இல்லை. அவர் மகள் அதனை வாங்கி மாலையிட்டுச் சுவரில் மாட்டினாள்.

அன்றுதான் டிஜிட்டல் கேமரா வாங்குவதெனத் துணிந்தேன். படத்துக்குரியவர் படத்தை அப்போதே காண வேண்டும் என்பதே காரணம்.

தேர்வுக்கு டிரைப்பின் அளவுகோலே உதவிற்று: செல்லும் வழி எது, சுமப்பவர் யார் என்பனவே முதல் வினாக்கள். படச்சுருள் அளவேயுள்ள முழுச்சட்டச் சில்லு, பழைய லென்ஸுகளின் பார்வைக் கோணத்தை மாறாமல் தரும். ஆனால் கருவியும் லென்ஸும் கனக்கும். அதனினும் சிறிய சில்லுள்ள கேமராவில் 23 மில்லிமீட்டர் லென்ஸ், சுருளில் 35 மில்லிமீட்டர் காட்டிய காட்சியையே ஏறத்தாழக் காட்டும். மணற்கரையில் லென்ஸை மாற்றினால் தூசு உட்புகும்; ஆதலின் லென்ஸ் பிரியாத சிறு கருவியே எனக்குப் பொருந்தியது. கண்ணில் வைத்துப் பார்க்கும் துளை அதில் இன்றியமையாதது. ஏரி வெயிலில் பின்திரை தெரியாது. உபரி மின்கலம் ஒன்றும் வேண்டும்.

பழக்கத்திலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. நெகடிவ் சுருள் மிகை ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் சில்லிலோ வெண்மை எல்லை கடந்தால் அவ்விடத்து நுணுக்கம் மீளாது. ஆதலின் நீரில் பளபளக்கும் ஒளிக்கு அளவு வைத்து, நிழலைப் பின்னர் மீட்டுக்கொள்வதே நெறி.

1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் ஓலையிலிருந்து அச்சேற்றினர். சுவடியைக் காத்தது ஓலையின் மீதுள்ள பற்று மட்டுமன்று. அதனைப் படிப்போர் கையில் சேர்த்த உழைப்பே. ஒளிப்படத்திற்கும் அஃதே பொருந்தும். நெகடிவை வெளிச்சத்தில் உயர்த்தினாலே உருவம் தெரியும். டிஜிட்டல் கோப்புக்கோ எந்நாளும் ஒரு பொறி வேண்டும். ஆகவே இரண்டு படிகள் எடுத்து இரண்டு இடங்களில் வைக்கிறேன். இடம், நாள் குறிக்கிறேன். ஒவ்வொரு பயணத்திற்கும் முப்பத்தாறு படம் என்னும் சுருளின் கட்டுப்பாட்டையும் கைவிடவில்லை.

இன்று பழவேற்காட்டு மக்கள் தம் முகத்தைப் பின்திரையில் உடனே கண்டு சிரிக்கின்றனர். ஆயினும் அடுத்த முறை செல்லும்போது காகிதத்தில் அச்சிட்ட படங்களையும் எடுத்துச் செல்கிறேன். சுவரில் மாட்டுவதற்கு இன்னும் காகிதமே வேண்டியிருக்கிறது.