பெரிய இணைய வணிகத் தளங்களில் உள்ளிணைப்பு: தேடல் தரவரிசையை அது மாற்றுவது எப்படி?

'பனாரசிப் பட்டுப் புடவை' என்று கூகுளில் தேடுபவரின் கைபேசித் திரையில் சில முடிவுகளே தெரிகின்றன. வாரணாசியைச் சேர்ந்த சிறு விற்பனையாளர் ஒருவர் பெரிய வணிகத் தளமொன்றில் பதிவேற்றிய புடவை அவற்றுள் இடம்பெறுவது, புடவையின் தரத்தையும் விலையையும் மட்டும் பொறுத்ததன்று. அந்தத் தளம் தன் பிற பக்கங்களிலிருந்து அப்புடவையின் பக்கத்துக்கு எத்தனை வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரு தளத்தின் பக்கத்திலிருந்து அதே தளத்தின் வேறொரு பக்கத்துக்குச் செல்லும் இத்தகைய வழியே உள்ளிணைப்பு எனப்படுகிறது.

மதிப்பு பங்கிடப்படும் விதம்

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகியோர் 1998-ஆம் ஆண்டு விளக்கிய பேஜ்ரேங்க் முறையே இதன் அடிப்படை. ஒரு பக்கத்தின் முக்கியத்துவத்தை, அதை நோக்கி வரும் இணைப்புகளைக் கொண்டு அம்முறை கணக்கிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பைத் தன்னிலுள்ள இணைப்புகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. வழக்கமான கணக்கின்படி ஒவ்வொரு படியிலும் 85 விழுக்காடு மட்டுமே கடத்தப்படுகிறது. இணைப்பு வெளித்தளத்திலிருந்து வந்ததா, அதே தளத்திலிருந்து வந்ததா என்று மூலக் கணக்கு பிரித்துப் பார்ப்பதில்லை. இன்று கூகுள் பல்வேறு அளவுகோல்களைப் பயன்படுத்தினாலும், தன் தரவரிசை அமைப்புகளுள் ஒன்றாகப் பேஜ்ரேங்க்கை இன்னமும் குறிப்பிடுகிறது.

செய்தித்தளங்கள் முதலியவற்றிலிருந்து வரும் வெளியிணைப்புகள் பெரும்பாலும் வணிகத் தளத்தின் முகப்புப் பக்கத்தையே சுட்டுகின்றன. அங்கே சேரும் மதிப்பு உள்ளிணைப்புகள் வழியாகவே பொருள்களின் பக்கங்களுக்கு இறங்க வேண்டும். தொலைவு கூடக் கூட அது தேய்கிறது.

ஒரு தளத்தில் 4,800 புடவைகள் இருப்பதாகவும், ஒரு பக்கத்துக்கு 48 வீதம் அடுக்கப்படுவதாகவும் கொள்வோம். மொத்தம் 100 பக்கங்கள். 'அடுத்த பக்கம்' என்ற ஒரே இணைப்பு மட்டும் இருந்தால், கடைசிப் பக்கம் முதல் பக்கத்திலிருந்து 99 சொடுக்குகளுக்கு அப்பால் கிடக்கும். வாங்குபவரும் அவ்வளவு தூரம் போகமாட்டார். தேடுபொறியும் அதை முக்கியமாகக் கருதாது. அதே புடவைகளை நெசவு, துணி, ஊர் என 40 உட்பிரிவுகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் சராசரியாக 120 புடவைகள், மூன்றே பக்கங்கள். பொருள்களில் எந்த மாற்றமும் இல்லை, பாதைகள்தான் மாறியுள்ளன.

வடிகட்டிகளால் வரும் சிக்கல்

பெரிய தளங்களின் உண்மையான தலைவலி இணைப்புகளின் பற்றாக்குறையன்று, மிகுதியே. நிறம் 12, விலை வரம்பு 8, துணி 10, நிறுவனம் 6 என வடிகட்டிகள் இருந்தால், நான்கிலும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் 5,760 முகவரிகள் உருவாகின்றன. விலை ஏறுமுகம், இறங்குமுகம், புதியவை, விருப்பமானவை என நான்கு வரிசை முறைகளையும் சேர்த்தால் 23,040. இவ்வளவும் 4,800 புடவைகளுக்காக! அவற்றுள் பல ஒரே பொருள்களை வேறு வரிசையில் காட்டுபவை, அல்லது வெறுமையானவை.

பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் தானியங்கி நிரலான கூகுள்பாட், ஒரு தளத்தில் வரம்பின்றி உலவுவதில்லை. இந்த வரம்பை விளக்கி 2017 ஜனவரியில் கூகுள் வெளியிட்ட குறிப்பு, பயனற்ற முகவரிகளைப் பெருக்கும் காரணங்களுள் வடிகட்டிகளையே முதலில் குறிப்பிட்டது. நிரல் இந்தப் புதரில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, புதிதாக வந்த புடவையும் நேற்று குறைந்த விலையும் தேடலில் தாமதமாகவே தெரியவரும். மக்கள் உண்மையிலேயே தேடும் 'சிவப்பு பனாரசிப் புடவை' போன்ற சேர்க்கைகளுக்கு நிலையான பக்கமும் இணைப்பும் தந்து, மற்றவற்றை நிரல் அணுகாதபடி தடுப்பதே தளங்கள் கையாளும் தீர்வு.

குறுக்குவழியொன்றும் ஒரு காலத்தில் புழக்கத்தில் இருந்தது. வலைப்பதிவுகளின் பின்னூட்டங்களில் குவிந்த விளம்பரக் குப்பையைக் கட்டுப்படுத்த, 'நோஃபாலோ' என்ற குறியைத் தேடுபொறிகள் 2005-இல் அறிமுகப்படுத்தின. அன்று இக்குறி இட்ட இணைப்பு மதிப்பைக் கடத்தவில்லை. உள்நுழைவு, விதிமுறைகள் போன்ற பக்கங்களுக்கு இக்குறியை இட்டு, மிஞ்சும் மதிப்பை விற்பனைப் பக்கங்களுக்குத் திருப்பலாம் எனத் தளங்கள் கருதின. அது இனிப் பலிக்காது என்று கூகுளின் பொறியாளர் மேட் கட்ஸ் 2009-இல் விளக்கினார். பத்து இணைப்புகளில் ஐந்துக்கு இக்குறி இட்டால், மற்ற ஐந்துக்கும் இரட்டிப்புப் பங்கு கிடைக்காது. தடுக்கப்பட்ட பங்கு வீணாகும்.

கண்ணுக்குத் தெரிந்தும் நிரலுக்குத் தெரியாத இணைப்புகள் வேறு வகை. கீழே நகர்த்த நகர்த்தப் பொருள்கள் வந்துகொண்டே இருக்கும் பட்டியல் கைபேசிப் பயனருக்கு வசதியானது. ஆனால் கூகுள்பாட் மனிதரைப்போல் திரையை நகர்த்துவதோ பொத்தான்களை அழுத்துவதோ இல்லை. தனி முகவரியுள்ள சாதாரண இணைப்பு இல்லையெனில், பட்டியலின் பின்பகுதி அதற்கு எட்டாமலே போகக்கூடும். தள வரைபடக் கோப்பில் முகவரிகளைச் சேர்ப்பது கண்டுபிடிக்க உதவும். உள்ளிணைப்பு தரும் மதிப்பை அது தராது.

ஆடை விற்பனைத் தளமான மிந்த்ரா, 2015 மே மாதம் இணையதளத்தைக் கைவிட்டுச் செயலிக்கு மட்டும் மாறி, 2016-இல் இணையதளத்தை மீண்டும் திறந்தது. அதற்கான காரணங்கள் பல. எனினும், இணையதளம் மூடப்படும்போது தேடுபொறி பின்தொடரும் பாதைகளும் உடன் மூடப்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

இணைப்பில் உள்ள சொற்களுக்கும் பங்குண்டு. 'மேலும் காண்க' என்பதைவிட 'கைத்தறிப் பனாரசிப் புடவைகள்' என்ற சொற்கள், செல்லவிருக்கும் பக்கம் எதைப் பற்றியது என்பதைத் தேடுபொறிக்குச் சொல்கின்றன. தீபாவளி விற்பனைக்கு ஆண்டுதோறும் புதிய முகவரி தொடங்காமல், ஒரே முகவரியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். முந்தைய ஆண்டுகளின் இணைப்புகள் வீணாகாது.

எந்தப் பக்கத்துக்கு எத்தனை உள்ளிணைப்புகள் உள்ளன என்பதைக் கூகுளின் 'சர்ச் கன்சோல்' சேவை காட்டுகிறது. ஆனால் அதைப் பார்க்கும் உரிமை தளத்தின் உரிமையாளருக்கும் அவர் அனுமதிப்பவருக்கும் மட்டுமே. வாரணாசி விற்பனையாளருக்கு அது தெரியாது. பொருளைப் பதிவேற்றும்போது உட்பிரிவைச் சரியாகத் தேர்வதும், நெசவு, துணி, நிறம் ஆகிய விவரங்களை வெற்றிடமின்றி நிரப்புவதுமே அவர் கையில் இருப்பவை. தளம் எந்தெந்தப் பட்டியல்களில் அப்புடவையை இணைக்கும் என்பது பெரும்பாலும் அந்த விவரங்களைக் கொண்டே முடிவாகிறது.