திமிங்கலத்துக்காக நகர்ந்த கப்பல் பாதை

ஒரு திமிங்கலம் எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய, ஒரு காலத்தில் அதைக் கொல்ல வேண்டியிருந்தது. நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? 1930களில் பிரித்தானிய ஆய்வாளர்கள் தென் சமுத்திரத்தில் எண் பொறித்த உலோகக் குழாய்களைத் துப்பாக்கியால் சுட்டு, திமிங்கலங்களின் உடலில் பதித்தார்கள். பிறகு ஏதாவதொரு வேட்டைக் கப்பலில் அந்தத் திமிங்கலத்தை வெட்டும்போது குழாய் கிடைக்கும். அதைத் திருப்பி அனுப்பினால் சன்மானம் உண்டு. சுட்ட இடம், கொன்ற இடம். ஒரு முழு வாழ்க்கையின் பயணத்தில் இரண்டே புள்ளிகள்!

இனி நாங்கள் வாழும் கனடாவின் கிழக்குக் கரைக்கு வருவோம். இங்கே வரும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும், நிறைய எண்ணெய் தரும். வேட்டைக்குச் 'சரியான' திமிங்கலம் என்பதால்தான் 'ரைட்' என்ற பெயர் வந்தது என்பார்கள். 1935இல் சர்வதேசப் பாதுகாப்புக் கிடைத்தபோது மிகச் சிலவே மிஞ்சியிருந்தன.

1980இல் பொஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்குவேரியத்தின் ஆய்வாளர்கள் ஃபண்டி வளைகுடாவில் இவை குட்டிகளோடு இருப்பதைக் கண்டார்கள். இந்தத் திமிங்கலங்களின் தலையில் தடித்த தோல் திட்டுகள் இருக்கும். எங்கள் கைரேகை போல அவை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். அவற்றைப் படமெடுத்து, ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் ஒரு எண் கொடுத்து, வருடக்கணக்காகப் பதிவு செய்தார்கள். இந்த முறை யாரையும் கொல்லத் தேவையில்லை.

அந்தப் பதிவுகளை வரைபடத்தில் வைத்தபோது ஒரு ஆபத்துத் தெரிந்தது. திமிங்கலங்கள் கூடிச் சாப்பிடும் இடத்துக்கு ஊடாகவே கப்பல் பாதை போனது. மொய்ரா பிரவுன் என்ற ஆய்வாளர் இந்தத் தரவுகளோடு அரசு அதிகாரிகளிடமும் கப்பல் துறையினரிடமும் பேசினார். 2003இல் பாதை நகர்த்தப்பட்டது. அழியும் நிலையிலுள்ள ஒரு திமிங்கலத்துக்காகச் சர்வதேசக் கப்பல் பாதை மாற்றப்பட்டது உலகில் அதுவே முதல் தடவை.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லது. இவற்றின் முக்கிய உணவு, அரிசிமணி அளவுள்ள ஒரு சிறு கடலுயிர். 2010க்குப் பிறகு மேய்ன் வளைகுடாவின் நீர் சூடாகி, அந்த உணவு குறைந்தது. திமிங்கலங்கள் வடக்கே செயின்ட் லோரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே அவற்றுக்கான வேகக் கட்டுப்பாடும் இல்லை, மீன்பிடித் தடையும் இல்லை. 2017இல் கனடிய நீரில் மட்டும் 12 திமிங்கலங்கள் இறந்து கிடந்தன. பரிசோதித்தவற்றில் கப்பல் மோதிய காயங்களும் நண்டு பிடிக்கும் கயிறுகளில் சிக்கிய அடையாளங்களும் இருந்தன.

அந்த ஆகஸ்டில் அரசு பெரிய கப்பல்களுக்கு 10 நொட் வேக வரம்பு விதித்தது. இன்று விமானங்களும், நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளும் தேடுகின்றன. திமிங்கலம் தென்பட்டால் அந்தப் பகுதியில் மீன்பிடி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது.

என் தொழிலே தரவுதான். அதனால் இந்த வரலாற்றில் எனக்குப் பட்டது இதுதான்: 2003இன் வரைபடம் பிழையில்லை, ஆனால் அது பழசாகிவிட்டது. மிஞ்சியிருப்பவை 400க்கும் குறைவு. அவற்றில் குட்டி ஈனக்கூடிய பெண்கள் சுமார் 70. வரைபடத்தைப் புதுப்பிக்க நாங்கள் பிந்தும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.