புரதப் பொடி: தாமிரபரணி வட்டாரத்தில் தரமும் விலையும்

புரதப் பொடி என்பது பால், சோயா, பட்டாணி முதலியவற்றிலிருந்து நீரையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் இயன்றவரை நீக்கி, எஞ்சும் புரதத்தைச் செறிவாக்கித் தூளாக்கிய உணவுப்பொருளாகும். விரிந்த பொருளில், பருப்பு வகைகளை வறுத்து அரைத்த வீட்டு மாவும் இதில் அடங்கும். திருநெல்வேலியில் இவ்விரண்டும் கிடைக்கின்றன: உடற்பயிற்சிக் கூடங்களைச் சார்ந்து டப்பாவில் அடைத்த வே பொடியும், பலசரக்குக் கடைகளில் வீட்டு மாவுக்குரிய தொலி உளுந்தும் பொரிகடலையும் நிலக்கடலையும் விற்கின்றன. வே என்பது பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிக்கும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கப்படும் புரதம். அதன் கான்சன்ட்ரேட் வகையில் புரதம் பெரும்பாலும் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கும், மேலும் வடிகட்டப்பட்ட ஐசோலேட் வகையில் ஏறத்தாழ 90 பங்கும் இருக்கும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவின்படி, உடல்நலமுள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடல் பருக்க வேண்டிப் புரதப் பொடி உண்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகிறது. பளுப்பயிற்சி செய்பவர்களுக்குத் தேவை இதைவிடக் கூடுதல் என்பது விளையாட்டு ஊட்டவியலாரின் பொதுவான கருத்து; எனினும் அந்தக் கூடுதலையும் டப்பாவிலிருந்தே பெற்றாக வேண்டும் என்பதில்லை.

குறைந்த செலவில் வாங்குவோர் ஒப்பிட வேண்டியது டப்பாவின் விலையை அன்று, ஒரு கிராம் புரதத்துக்கு ஆகும் விலையையே. உளுந்து கிலோ 150 ரூபாய் என்று கொண்டால், அதிலுள்ள ஏறத்தாழ 230 கிராம் புரதத்தில் ஒரு கிராமுக்கு 65 காசு ஆகிறது. கிலோ 450 ரூபாய்க்குக் கிடைக்கும் கொழுப்பு நீக்கிய பால்பொடியில், 350 கிராம் புரதம் என்ற கணக்கில், ஒன்றேகால் ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. கிலோ 2,400 ரூபாய்க்கு விற்கும் வே பொடியில் 750 கிராம் புரதம் இருப்பின் 3 ரூபாய் 20 காசு. விலைகள் மாறினாலும் கணக்கு முறை மாறாது. ஆனால் இக்கணக்கு முழு உண்மையையும் சொல்லிவிடாது: 25 கிராம் புரதத்துக்கு வே பொடி 33 கிராம் போதுமென்றால், உளுந்து 110 கிராம் வேண்டும், அத்துடன் ஏறத்தாழ 350 கிலோகலோரி ஆற்றலும் சேர்ந்தே வரும். எனவே எடை குறைக்க விரும்புபவருக்கும், உணவை மெல்ல இயலாத நோயாளிக்கும் செறிவான பொடி பயன்படலாம். உழைப்பாளிக்கும் வளரும் பிள்ளைக்கும் அந்த ஆற்றலே தேவையானது.

டப்பாவின் மேல் அச்சிட்ட புரத அளவு உள்ளே இருக்கிறதா என்பதே தரத்தின் முதற்கேள்வி. டென்மார்க் வேதியியலர் யோகான் கெல்டால் 1883இல் வகுத்த முறையில், உணவிலுள்ள நைட்ரஜன் அளக்கப்பட்டு, பொதுவாக 6.25ஆல் பெருக்கப்பட்டுப் புரதம் கணக்கிடப்படுகிறது; நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இம்முறை கேட்பதில்லை. ஆகவே கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களைக் கலந்து, இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்ட முடிகிறது. சீனாவில் 2008இல் பால்பொடியில் மெலமின் கலக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்ததும் இந்த ஓட்டையின் வழியேதான். இந்தியச் சந்தையிலிருந்து எடுத்த 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் பத்துக்கு ஏழு அளவில் அச்சிட்ட புரத அளவு மெய்யோடு பொருந்தவில்லை எனவும், சிலவற்றில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின் இருந்தது எனவும் கண்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் விற்பனைக்குரிய தகுதியைக் காட்டுமேயன்றி ஒவ்வொரு தொகுப்பும் சோதிக்கப்பட்டதற்குச் சான்றாகாது. தொகுப்பு எண்ணுக்குரிய தனி ஆய்வகச் சோதனை முடிவை வெளியிடும் தயாரிப்பும், கரண்டிக் கணக்கோடு 100 கிராமுக்கான அளவையும் தரும் தயாரிப்பும், உட்பொருள்கள் குறைவான தயாரிப்பும் மேலானவை.

இவ்வட்டாரத்தின் சொந்தப் புரதம் உளுந்து. பிசான நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பாகவே, ஈரம் காயாத வயலில் பயறு விதைத்து, மிஞ்சிய ஈரத்திலேயே விளைவிக்கும் நெல் தரிசு முறை தாமிரபரணிப் பாசனத்தில் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் நிலங்களிலோ உளுந்து மானாவாரிப் பயிர். பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறித் தரும் உளுந்தங்களி இதிலிருந்து வந்ததே. பயறுகளில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. தொலி உளுந்தும் அரிசியும் சேர்ந்த உளுந்தஞ்சோற்றுக்கு, மெத்தியோனின் மிகுந்த எள்ளில் துவையல் அரைத்து வைக்கும் நெல்லை வழக்கம் இக்குறையை இருபுறமும் நிரப்புகிறது. பொடி செய்வோரும் இதே சேர்க்கையைக் கையாளலாம். பருப்பைச் சிவக்க வறுத்து, அரைத்த பின்னும் வேகவைத்தே உண்ண வேண்டும், ஏனெனில் பச்சைப் பயற்றிலுள்ள சில பொருள்கள் செரிமான நொதியைத் தடுப்பவை, அவை சூட்டில் பெரிதும் அழிகின்றன.

சத்துமாவைப் புரதப் பொடியாகக் கருதுவது பரவலான மயக்கம். கேழ்வரகும் கம்பும் கோதுமையும் மிகுந்த மாவில் புரதம் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குக்கு மேல் ஏறாது. பொரிகடலையும் நிலக்கடலையும் சரிபாதி சேர்ந்தால்தான் அது பதினாறைத் தாண்டும். நிலக்கடலை சேர்க்கும்போது சுருங்கியதும் நிறம் மாறியதும் பூசணம் கண்டதும் கழிக்கப்பட வேண்டும். முற்கூறிய அஃப்லடாக்சின் ஈரம்பட்டுத் தேங்கிய கடலையில் எளிதில் உண்டாகிறது, வறுத்தாலும் முழுதும் நீங்குவதில்லை. கடலையின் எண்ணெய் சிக்கு வாடை ஏறக்கூடியது என்பதால் இம்மாவைச் சிறு அளவில் அரைத்துச் சில வாரங்களுக்குள் தீர்ப்பது வழக்கம். சிறுநீரக நோயுள்ளோர் டப்பாப் பொடியானாலும் வீட்டு மாவானாலும் மருத்துவர் வகுத்த அளவுக்குள்ளேயே கொள்ள வேண்டும்.