ஆற்றங்கரைக் காவலாளியும் புதுக்கூரைப்பேட்டையின் ஒன்பது நாட்களும்

கொலை நடந்தது 2003 ஜூலை 8. முதல் தகவல் அறிக்கை பதிவானது ஜூலை 17. கண்ணகி - முருகேசன் வழக்கைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அந்த முதல் தேதியோடு நின்றுவிடுகிறோம். நஞ்சு, எரிந்த உடல்கள், சாதிவெறி என்று பேசி முடித்துவிடுகிறோம். இடையில் கிடக்கும் அந்த ஒன்பது நாட்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. சட்டம் படிக்கும் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டியது அந்த நாட்களைத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன் தலித். வேதிப் பொறியியல் படித்தவர். கண்ணகி அதே ஊர், வன்னியர், வணிகவியல் படித்தவர். இருவரும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வெளியே சொல்லவில்லை. விஷயம் தெரிந்ததும் கண்ணகியின் குடும்பத்தார் முருகேசனின் சித்தப்பாவை மிரட்டி, இருவரும் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து ஊருக்கு இழுத்து வந்தார்கள். இருவருக்கும் மூக்கிலும் காதிலும் நஞ்சு ஊற்றப்பட்டது. உடல்கள் தனித்தனியே எரிக்கப்பட்டன. செத்த பிறகும் சாதி சுடுகாடு பிரிந்தே இருக்க வேண்டுமல்லவா!

நஞ்சு ஊற்றிய கைகளைப் பொறுத்தவரை சட்டத்தில் குழப்பமே இல்லை. மரணம் விளைவிக்கும் நோக்கத்தோடு செய்த செயல், இந்திய தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவின்படி கொலை, 302ஆம் பிரிவின்படி தண்டனை. கேள்வி, எதையும் செய்யாமல் இருந்தவர்களைப் பற்றியது.

இந்தக் கேள்வி பழையது. 1837இல் மெக்காலே தலைமையிலான குழு தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவைத் தயாரித்தபோது ஓர் உதாரணம் சொன்னது. ஆற்றில் வெள்ளம். ஒருவன் கடக்க வருகிறான். ஆபத்து தெரிந்த இன்னொருவன் வேண்டுமென்றே வாய் திறக்காமல் இருக்கிறான், வந்தவன் மூழ்கிச் சாகிறான். வாய் திறக்காதவன் கொலைகாரனா? பயணிகளை எச்சரிப்பதற்கென்றே அரசு அங்கே நிறுத்திய சேவகன் என்றால் கொலைகாரன். கூலி பேசி வழிகாட்ட வந்தவன் என்றாலும் கொலைகாரன். மனிதாபிமானத்தைத் தவிர வேறு எந்தக் கடப்பாடும் இல்லாதவன் என்றால் அது கொலை ஆகாது. 1860இல் சட்டமானபோது 32ஆம் பிரிவு இதையே சுருக்கிச் சொன்னது: செயல் என்றால் சட்டவிரோதமாகச் செய்யாமல் விட்டதும் அதில் அடங்கும். அதாவது, சும்மா இருந்தது குற்றமாக வேண்டுமென்றால் முதலில் கடமை என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்.

மனிதாபிமானத்தைச் சட்டம் கடமையாக்கவில்லை என்பதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். வேடிக்கை பார்த்த ஒவ்வொருவரையும் கொலைகாரராக்கினால் கடைசியில் மாட்டுவது நம் ஆட்களாகத்தான் இருப்பார்கள். இந்த வழக்கே அதற்குச் சாட்சி. ஆனால் புதுக்கூரைப்பேட்டையில் ஆற்றங்கரைக் காவலாளிகள் இருந்தார்கள். சட்டம் பெயர் சொல்லாத குறையாக அவர்களைச் சுட்டியிருந்தது.

அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, கொலை நடந்ததோ, கொலை செய்ய ஒருவர் எண்ணியிருப்பதோ தெரிந்த எவரும் உடனே காவல்துறைக்கோ நடுவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. நியாயமான காரணம் இருந்தால் விலக்கு உண்டு. 40ஆம் பிரிவு இன்னும் நெருக்கமானது. கிராமத்தில் கொலையோ சந்தேகத்துக்குரிய மரணமோ நடந்தால் கிராம அலுவலர்கள் தகவல் தர வேண்டும். யார் கிராம அலுவலர்? பஞ்சாயத்து உறுப்பினரும் ஊர்த் தலைவரும் அதில் அடக்கம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. கண்ணகியின் தந்தை துரைசாமி அப்போது பஞ்சாயத்துத் தலைவர். சாவைத் தடுக்கச் சொல்ல வேண்டிய வாய் கொலைகாரர்களின் வீட்டிலேயே இருந்தது. இன்று இந்தப் பிரிவுகள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 33, 34 என்று எண் மாறியிருக்கின்றன, பொருள் மாறவில்லை.

அடுத்தது விருத்தாசலம் காவல் நிலையம். முருகேசனின் குடும்பத்தார் புகாரோடு போனபோது சாதி சொல்லித் திட்டி விரட்டப்பட்டார்கள். சாதாரண மரணமல்ல என்று தெரிந்தால் காவல்துறை இடத்துக்குப் போய்ப் பிரேத விசாரணை நடத்த வேண்டும், பிடிக்கத்தக்க குற்றம் என்றால் வழக்குப் பதிய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பத்திரிகைகளில் செய்தி வெளியான பிறகுதான் ஜூலை 17 அன்று வழக்கு பதிவானது. அந்த வழக்கு சொன்ன கதையைக் கேளுங்கள்: கண்ணகியை வன்னியர்கள் கொன்றார்கள், முருகேசனைத் தலித்துகள் கொன்றார்கள்! இரு தரப்பிலும் நான்கு நான்கு பேர் கைது. பிள்ளையைப் பறிகொடுத்த பக்கமே கொலைப் பழியைச் சுமந்தது.

இந்த இடத்தில்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எழுதியவர்களின் அனுபவம் தெரிகிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2)(i) பிரிவு, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஒரு தலித்தையோ பழங்குடியினரையோ மாட்டிவிடும் நோக்கத்தோடு பொய்ச்சான்று புனைபவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கிறது. பொய் வழக்கு என்பது நமக்கு எதிரான ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொதுச் சட்டத்தின் 217, 218ஆம் பிரிவுகள், குற்றவாளியைக் காப்பாற்றக் கடமை மீறும், பொய் ஆவணம் தயாரிக்கும் அரசு ஊழியருக்கானவை. தண்டனை இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்ற அளவில்தான்.

உயர்நீதிமன்ற உத்தரவால் 2004இல் வழக்கு சிபிஐக்குப் போனது. அங்கும் பட்டியலில் இருந்த 15 பேரில் இருவர் முருகேசன் தரப்புத் தலித்துகள். குற்றச்சாட்டு வனைய 2017 வரை ஆனது. 81 சாட்சிகளில் 36 பேர் பிறழ்ந்தார்கள். வழக்கறிஞர் பொ. இரத்தினம் விடாமல் நின்றிருக்காவிட்டால் கோப்பு எப்போதோ மூடப்பட்டிருக்கும். 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் அந்த இரு தலித்துகளை விடுவித்து, கண்ணகியின் அண்ணன் மருதுபாண்டியனுக்குத் தூக்கும், தந்தை உட்பட 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. அந்த 12 பேரில் ஆய்வாளர் செல்லமுத்துவும் உதவி ஆய்வாளர் தமிழ்மாறனும் இருந்தார்கள்.

ஆணவக் கொலை வழக்கு ஒன்றில் கொலைகாரர்களுக்குப் பக்கத்தில் காவல் நிலையமும் குற்றவாளியாக நின்றது. 1968 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்த வழக்கில் நிலவுடைமையாளர்களையே உயர்நீதிமன்றம் விடுவித்த மாநிலம் இது. இந்த வேறுபாட்டை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதே சமயம் கொண்டாடவும் அவசரப்பட வேண்டாம். 2022இல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்து, உதவி ஆய்வாளரின் ஆயுளை இரண்டாண்டாகச் சுருக்கியது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தபோது காவலர்கள் இருவரின் குற்றமும் உறுதியானது. சாட்சிகள் சிலர் பிறழ்ந்ததாலேயே வழக்கு விழுந்துவிடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது, படித்துப் பாருங்கள்.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் அதிகாரியின் கடமைகளை ஒவ்வொன்றாக எழுதிவிட்டது: வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக்காட்டுவது, உரிய பிரிவுகளில் வழக்குப் பதிவது, நகலை உடனே தருவது, 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை. 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் பிடிக்கத்தக்க குற்றத்தில் வழக்குப் பதிவு கட்டாயம் என்றது. ஆனாலும் 4ஆம் பிரிவின் தண்டனை ஆறு மாதம் முதல் ஓராண்டுதான். அதுவும் துறை விசாரணைப் பரிந்துரை இருந்தால் மட்டுமே. 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. அங்கே மனு கொடுக்கும் தோழர்கள் தண்டனை அளவைப் பற்றி எழுதும் பக்கங்களில் பாதியையாவது இந்தக் கடமைப் பிரிவுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கொலைகாரனுக்கு ஏற்கெனவே 302 இருந்தது. காவலாளிக்குத்தான் சட்டம் மெலிந்து கிடக்கிறது.

உச்சநீதிமன்றம் முருகேசனின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் கூட்டாக 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தர வேண்டியது தமிழ்நாடு அரசு.