14 அணி, எத்தனை மேட்ச்? பள்ளி பாஸ்கெட்பால் அட்டவணைக் கணக்கு

கேரளப் பள்ளி விளையாட்டு விழா 2025 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் நடந்தது. இப்படி ஒரு விழாவில் 14 மாவட்ட அணிகளும் பாஸ்கெட்பாலில் இறங்கினால், அட்டவணை எப்படிப் போடலாம்?

நாக்-அவுட்: 13 மேட்ச் போதும். ஆனால் 2 அணிக்கு ‘பை’; தோற்கும் 6 அணி முதல் சுற்றோடு அவுட். ஃபிபா விதிப்படி ஒரு ஆட்டம் 10 நிமிஷ குவார்ட்டர் 4. காசர்கோட்டிலிருந்து 500 கி.மீ.க்கு மேல் பயணித்து வந்த பிள்ளைகளுக்கு 40 நிமிஷம்தான், அவ்ளோதான்.

முழு லீக்: 91 மேட்ச். ஒரே கோர்ட், ஒரு வாரம் என்றால் தினமும் 13. நடக்கிற காரியமில்லை.

4 குரூப்: லீக் ஆட்டம் 18, அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 21. நாக்-அவுட்டைவிட 8 மேட்ச்தான் கூடுதல். எல்லா அணிக்கும் குறைந்தது 2 ஆட்டம் உறுதி.