தானா சேரும் எலும்பு: காறை எலும்பு முறிவின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு போட்டோவிலிருந்து ஆரம்பிக்கலாம். கேட்டுக்கிட்டே தேடிப் பாருங்க, வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா மட்டும் வேண்டாம்.

1956, இத்தாலி. ஜிரோ தித்தாலியா சைக்கிள் பந்தயம். ஃபியோரென்சோ மாக்னி, வயது 35, போன வருஷ சாம்பியன். வாயில் ஒரு ரப்பர் ட்யூபைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுறார். ட்யூபோட இன்னொரு முனை ஹேண்டில்பாரில் கட்டியிருக்கு. 12-வது நாள் ஓட்டத்தில் விழுந்து அவருக்கு இடது காறை எலும்பு உடைஞ்சுபோச்சு. மேட்டில் மிதிக்கும்போது கால் மட்டும் வேலை செய்யாது, கையாலும் ஹேண்டில்பாரை இழுக்கணும். இடது கையால் இழுக்க முடியலை. அதனால அவரோட மெக்கானிக் ஃபலியேரோ மாசி ஒரு ட்யூபை வெட்டிக் கட்டிக்கொடுத்தார். கை செய்ய வேண்டிய வேலையைப் பல் செஞ்சது.

அதுக்கப்புறம் மறுபடியும் அதே பக்கம் விழுந்து மேல்கை எலும்பும் உடைஞ்சது. ஆம்புலன்ஸில் ஏத்தினாங்க, இறங்கி வந்துட்டார். கடைசிக் கட்டத்தில் மோந்தே பொந்தோனே மலையில் பனி கொட்ட, போட்டியாளர்கள் கொத்துக் கொத்தா விலகினாங்க. மாக்னி விலகலை. சார்லி கோலுக்கு அடுத்து 3 நிமிஷம் 27 விநாடி பின்னால் இரண்டாவது இடம்.

சைக்கிள் குரூப்பில் யாராவது "காறை எலும்பு போச்சு"ன்னு எழுதினா பத்து நிமிஷத்தில் இந்தப் போட்டோ வந்து விழும். எனக்கும் வந்தது. போன வருஷம் ஈசிஆரில் ஒரு வளைவில் ரோட்டோரம் மணல். சைக்கிள் சறுக்கி, வலது தோள் நேரா தார் ரோட்டில். முதலில் பார்த்த டாக்டர், "ஸ்லிங் போடுங்க, தானா சேர்ந்துடும்"னார். இரண்டாவது டாக்டர் அதே எக்ஸ்ரேயைப் பார்த்து, "ப்ளேட் வைக்கணும்"னார். பெரியப்பா எக்ஸ்ரேயைப் பார்க்கவே இல்லை: "புத்தூருக்கு வண்டி எடு." மூணு பேர் குரலிலும் கொஞ்சம்கூடச் சந்தேகம் கிடையாது. ஒரே எலும்புக்கு எப்படி மூணு பதில்? வலது கையைத் தூக்க முடியாம வீட்டில் உட்கார்ந்த நாளில் இதைத்தான் தோண்டிக்கிட்டு இருந்தேன்.

முதலில் எலும்பைப் பத்தி ரெண்டு வார்த்தை. நெஞ்செலும்பிலிருந்து தோள் நுனி வரைக்கும் போற, எஸ் மாதிரி லேசா வளைஞ்ச எலும்பு. கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ஒரே எலும்பு இணைப்பு இதுதான். தோள்பட்டை எலும்பு தசையில்தான் தொங்குது. கருவில் முதல்ல எலும்பாக ஆரம்பிக்கிறதும் இதுதான், முழுசா முதிர்ந்து முடியறது கடைசியா, இருபதுகளில். லத்தீன்காரங்க இதுக்குக் 'குட்டிச் சாவி'ன்னு பேர் வெச்சாங்க. நம்ம ஊரில் கழுத்தில் போடுற காறை என்ற நகையோட பேர். எனக்கு நம்ம பேர்தான் பிடிச்சிருக்கு.

இந்த முறிவுக்கு வைத்தியம் சொல்ற மிகப் பழைய எழுத்துகளில் ஒண்ணு எகிப்தில் கிடைச்சது. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ். எழுதப்பட்டது சுமார் கிமு 1600, அதுவும் அதைவிடப் பழைய ஒண்ணோட நகல். மொத்தம் 48 கேஸ். ஒவ்வொண்ணுக்கும் பரிசோதனை, முடிவு, சிகிச்சைன்னு வரிசையா இருக்கும். முடிவு மூணு விதம்: வைத்தியம் பார்ப்பேன், போராடிப் பார்ப்பேன், வைத்தியம் பார்க்க முடியாது. பக் டிராக்கரில் நாம வைக்கிற மாதிரியே. 35-வது கேஸ் காறை எலும்பு முறிவு, முடிவு 'வைத்தியம் பார்ப்பேன்'. ஆளை மல்லாக்கப் படுக்க வை, தோள்பட்டைகளுக்கு நடுவில் மடிச்ச துணி வை, தோள் இரண்டையும் விரிச்சு எலும்பை இழுத்து இடத்தில் சேர், துணியால் சிம்பு கட்டு, தினம் தேன் வை. தேனை விட்டுட்டுப் பார்த்தா, 20-ஆம் நூற்றாண்டிலும் தோளைப் பின்னால் இழுத்து எட்டு வடிவத்தில் கட்டின கட்டுக்குப் பின்னால் இருந்ததும் கிட்டத்தட்ட இதே யோசனைதான்.

அடுத்து கிரேக்கம். ஹிப்பாக்ரடீஸ் பேரில் வர்ற 'மூட்டுகள் பற்றி' நூலில் ஒரு இடம் இருக்கு, படிச்சுட்டு வாய்விட்டுச் சிரிச்சேன். உடைஞ்ச புதுசில் நோயாளி பெரிய ஆபத்துன்னு பயப்படுவான், வைத்தியரும் மெனக்கெட்டுக் கட்டுவார். கொஞ்ச நாளில் வலி குறைஞ்சு, நடக்க, சாப்பிடத் தடையில்லைன்னு ஆனதும் நோயாளி அலட்சியமாவான். எலும்பை அழகா நேராக்க முடியாத வைத்தியரும், அவன் வராததில் பெரிசா வருத்தப்படாம நழுவிடுவார். அதுக்குள்ள எலும்பு சேர்ந்துடும். சாராம்சம் இவ்வளவுதான். இரண்டாயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி எழுதினது!

எனக்கு இதில் சிரிப்பைத் தாண்டி ஒரு சிக்கல் தெரிஞ்சது. பெரும்பாலும் தானாகவே சேர்ற எலும்பு என்றால், கட்டுப் போட்ட யாருக்கும் பேர் கிடைக்கும். தேன் தடவினவருக்கும் கிடைக்கும், எட்டு வடிவக் கட்டுக்காரருக்கும் கிடைக்கும், ஸ்லிங் கொடுத்த டாக்டருக்கும் கிடைக்கும். பெரியப்பாவோட புத்தூர் நம்பிக்கையும் பொய்யான அனுபவத்தில் வந்ததில்லை. அவர் பார்த்தவங்களுக்கு நிஜமாவே சேர்ந்திருக்கும். எந்த வைத்தியம் போட்டாலும் பெரும்பாலும் 'பாஸ்' வருதுன்னா, எது வேலை செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

'பெரும்பாலும்' என்ற சொல்லை விட்டுடாதீங்க. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் 1702-ல் குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பை உடைச்சுக்கிட்டார். குதிரை தடுக்கினது ஒரு மூஞ்சூறு மாதிரிப் பிராணி தோண்டின மண்மேட்டில். சுமார் ரெண்டு வாரத்தில் நுரையீரல் பிரச்சினை வந்து இறந்துட்டார். 1850-ல் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல், அதேபோல குதிரை, அதே எலும்பு. மூணாவது நாள் மரணம். காறை எலும்புக்குக் கீழே கைக்குப் போற பெரிய ரத்தக்குழாய்கள் இருக்கு, உடைஞ்ச முனை அதைக் கிழிச்சதுதான் காரணம்னு பொதுவா சொல்றாங்க. இது ரொம்ப அபூர்வம். ஆனா விழுந்த பிறகு கை மரத்துப்போனாலோ, விரல் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, எலும்பு முனை தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி நின்னாலோ, குரூப்பில் கேள்வி கேட்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்போ 1960. நியூயார்க் எலும்பு மருத்துவர் சார்ல்ஸ் நீர் (நாம குடிக்கிற நீர் இல்லை, பேரே அதுதான்) ஒரு கணக்கு வெளியிட்டார். அறுவை சிகிச்சை இல்லாம பார்த்த 2,235 பேரில் எலும்பு சேராதவங்க வெறும் 3 பேர். அறுவை சிகிச்சை செஞ்ச 45 பேரில் 2 பேர். 1968-இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பும் அதே பக்கம் சாய்ஞ்சது. அவ்வளவுதான், 'காறை எலும்பில் கத்தி வைக்காதே' என்பது பல பத்து வருஷத்துக்கு வேதவாக்கு ஆயிடுச்சு. என் முதல் டாக்டரோட குரலில் இருந்த உறுதி அங்கிருந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன்.

டேட்டா பார்த்துப் பழகினவங்களுக்கு இங்கே மூக்கு வியர்க்கும். பின்னாடி வந்த விமர்சனங்களும் அதைத்தான் சொல்லுது. இந்தப் பழைய கணக்குகளில் குழந்தைகளும் கலந்திருக்காங்க, குழந்தைக்கு எலும்பு எப்படியும் சேரும். லேசா விரிசல் விட்டதும், ரெண்டு துண்டும் விலகிப் போனதும் ஒரே கூடையில். அறுவை சிகிச்சைக்குப் போனவங்களோ பெரும்பாலும் மோசமா அடிபட்டவங்க. அதைவிடப் பெரிய விஷயம், எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தா டிக்கெட் க்ளோஸ். "கையைத் தூக்க முடியுதா? பை தூக்க முடியுதா?"ன்னு யூசரை யாரும் ஒழுங்கா கேட்கலை.

கேட்டது 1997-ல். ஹில், மெக்குவைர், கிராஸ்பி என்ற மூணு பேர், நடுப்பகுதியில் உடைஞ்சு துண்டு விலகிப்போன 52 பெரியவங்க கேஸை மட்டும் எடுத்துப் பின்தொடர்ந்தாங்க. யாருக்கும் அறுவை சிகிச்சை இல்லை. 15 சதவீதம் சேரவே இல்லை. 31 சதவீதம் பேருக்குக் கிடைச்ச பலன் திருப்தியில்லை. துண்டுகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எலும்பு 2 சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையானா ஆபத்து அதிகம்னும் கண்டுபிடிச்சாங்க.

நடுவில் 1987-ல் டென்மார்க்கில் ஒரு சின்ன ஆய்வு, 61 பேர். பாதிப் பேருக்கு எட்டு வடிவக் கட்டு, மீதிப் பேருக்குச் சாதாரண ஸ்லிங். எலும்பு சேர்ந்ததில் வித்தியாசம் இல்லை. எட்டு வடிவக் கட்டில் அவஸ்தைதான் அதிகம். எகிப்துக்காரர் காலத்து யோசனையைச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு ஒப்பிட இவ்வளவு நாள் ஆயிருக்கு.

பெரிய திருப்பம் 2007. கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, துண்டு விலகின 132 பேரைக் குலுக்கல் முறையில் பிரிச்சாங்க. ப்ளேட் வெச்ச 62 பேரில் 2 பேருக்குச் சேரலை, ஸ்லிங் போட்ட 49 பேரில் 7 பேருக்குச் சேரலை. (மீதிப் பேர் கடைசிவரை ஆய்வில் இல்லை.) எக்ஸ்ரேயோட நிற்காம 30 கேள்வி உள்ள ஒரு படிவமும் கொடுத்தாங்க. இறுக்கி மூடின பாட்டிலைத் திறக்க முடியுதா, தலைக்கு மேல அலமாரியில் பொருள் வைக்க முடியுதா, முதுகு தேய்க்க முடியுதா, சாவியைத் திருப்ப முடியுதா. ப்ளேட் கோஷ்டி முன்னால் இருந்தது. ஆனா அவங்களுக்குத் தொற்று, ப்ளேட் உறுத்தல், சிலருக்கு இன்னொரு அறுவை என்று தனித் தொல்லைகளும் இருந்தது.

அதோட கதை முடியலை. 2013-ல் எடின்பரோவில் 200 பேரை வெச்சு இன்னொரு ஆய்வு. ப்ளேட்டோட லாபம் பெரும்பாலும் 'சேராம போறதைத் தடுக்கறது'லதான் இருக்குன்னு சொல்லுது. ஸ்லிங்கிலேயே சேர்ந்தவங்களோட கை, ப்ளேட் வெச்சவங்க கைக்குப் பெரிசா குறைஞ்சதில்லை. அதனால என் ரெண்டு டாக்டரும் தப்பில்லை. விலகாத முறிவுக்கு ஸ்லிங். ரொம்ப விலகிக் குட்டையானா, கை எந்த அளவுக்கு வேணும், எந்த ரிஸ்க் எடுக்கத் தயார்னு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். என்னோடது விலகியிருந்தது. நான் ப்ளேட் பக்கம் போனேன்.

இப்போ ப்ரோக்கள் கதை. 2003 டூர் டி ஃப்ரான்ஸில் டைலர் ஹாமில்டன் முதல் ஸ்டேஜிலேயே காறை எலும்பை உடைச்சுக்கிட்டு, ஒரு ஸ்டேஜும் ஜெயிச்சு, நாலாவதா முடிச்சார். கேட்டா மெய்சிலிர்க்கும். ஆனா அது மயிரிழை விரிசல், துண்டுகள் விலகலை. (அவர் பின்னாடி ஊக்கமருந்து எடுத்ததையும் ஒத்துக்கிட்டார், அது தனி எபிசோட்.) 2024 ஏப்ரல் 4, பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் ஒரே விபத்தில் விங்கேகார், எவனபுல் ரெண்டு பேருக்கும் காறை எலும்பு போச்சு. விங்கேகாருக்கு விலா எலும்பும் உடைஞ்சு நுரையீரலும் அடிபட்டது. ஜூலையில் டூர் போடியத்தில் ரெண்டாவது, மூணாவது இடத்தில் நின்னது அவங்க ரெண்டு பேரும்தான்.

இதைப் பார்த்துட்டு நம்ம ஆள் ஒருத்தர் மூணாவது வாரமே கிண்டி சிக்னலில் நிக்கிறார். கனடா ஆய்வில் இன்னொரு எண் இருக்கு. ப்ளேட் வெச்சவங்களுக்கே எலும்பு சேர சராசரியா 16.4 வாரம், ஸ்லிங்கில் 28.4 வாரம். ப்ளேட் எலும்பைச் சேர்க்கிறதில்லை, எலும்பு தன் வேலையை முடிக்கிற வரை துண்டுகளைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. சீக்கிரமே சைக்கிள் ஏறுற ப்ரோ ஓட்டுறது உலோகத்தின் மேல. அதுவும் பெரும்பாலும் முதல்ல வீட்டு ட்ரெயினரில், பக்கத்தில் பிசியோ நிக்க.

நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ரெக்கவரி ரொம்ப சாதாரணமா போகும், அதுதான் கஷ்டம். முதல் ரெண்டு வாரம் படுத்துத் தூங்க முடியாது, தலையணைக் கோபுரம் கட்டிச் சாய்ஞ்சுதான் தூக்கம். முன்பக்கம் பட்டன் வெச்ச சட்டை மட்டும். முழங்கை, மணிக்கட்டு, விரலை முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்வாங்க, இல்லைன்னா இறுகிடும். அப்புறம் குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுறது. தோள் உயரத்துக்கு மேல தூக்குறதும் எடை தூக்குறதும் டாக்டர் சொன்ன பிறகுதான். நாலாவது வாரம் வலி போயிடும், ஹிப்பாக்ரடீஸ் சொன்ன அலட்சியம் சரியா அப்போதான் வரும். பிசியோவுக்குப் போறதை நிறைய பேர் நிறுத்துறதும் அப்போதான். எலும்பில் அந்த நேரத்தில் இருக்கிறது பெரும்பாலும் இளசான இணைப்புத்தான்.

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ப்ரோ, ஒரு நாளைக்கு ரெண்டு சிகரெட்தான், பரவாயில்லையா?" பரவாயில்லைன்னு என்னால சொல்ல முடியாது. காறை எலும்பு சேராம போறதுக்கான காரணங்களில் புகைபிடித்தலும் தெளிவா இருக்கு. ஸ்லிங்கில் இருக்கிற கைக்குப் பாக்கெட்டைத் திறக்கிறதும் கஷ்டம்தான், அதையே சாக்கா வெச்சு விட்டுடுங்க.

அடுத்த வாரம் ஹெல்மெட்டோட கதை. பார்ப்போம்.