ஷார்ஜா தொழில்பேட்டைக்குப் புறப்படும் தமிழ்த் தொழிலாளர்: பயணத்துக்கு முந்தைய ஆயத்தம் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

துபாய் எல்லையை ஒட்டி எண்ணிட்ட பகுதிகளாக விரிந்து கிடக்கிறது ஷார்ஜா தொழில்பேட்டை. வளைகுடாத் தமிழர் வாயில் இது ‘சனையா’. இரும்பு, அலுமினியப் பட்டறைகளும் வாகன ஒர்க்‌ஷாப்புகளும் கிடங்குகளும் தொழிலாளர் கேம்ப்புகளும் அடுத்தடுத்து நிற்கும் இந்த இடத்துக்குத் திருச்சி, கோவை, சென்னை வழியாக நம்மவர் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள்.

புறப்படும் வீட்டில் ஆயத்தம் என்றால் பெட்டி கட்டுவது, ஊறுகாய் போடுவது, உறவினரிடம் சொல்லிக்கொள்வது என்றே பெரும்பாலும் பொருள்படுகிறது. ஆனால், ஷார்ஜாவில் ஒரு தொழிலாளி எந்த அளவு உரிமையோடு வாழ்வார் என்பதை அதற்கும் முன்பே மூன்று விஷயங்கள் முடிவு செய்துவிடுகின்றன: எந்த விசா, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு கடன். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அலுவலகப் பணிக்கும் குடும்ப விசாவுக்கும் செல்வோர் இதன் எல்லைக்குள் வரமாட்டார்கள்.

2. விசாவின் வகை

2.1 குடியேற்ற அனுமதி

1983ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாத பெரும்பாலோரின் பாஸ்போர்ட் ‘ஈ.சி.ஆர்.’ வகையைச் சேர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. ‘இ-மைகிரேட்’ இணையதளம் வழியாக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் அதை வழங்குகிறது. முகவர் பதிவு பெற்றவரா என்பதையும் அதே தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் பலருக்குத் தெரியாத இன்னொரு நேர்வழி.

இந்த அனுமதியைப் பலர் வீண் அலைச்சலாக நினைக்கிறார்கள். உண்மையில், வேலை தருபவர் யார், சம்பளம் எவ்வளவு என்பது அரசுப் பதிவேட்டில் ஏறுவது இங்கேதான். இதனுடன் கட்டாயமாக எடுக்கும் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு, விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் தருகிறது. இரண்டு ஆண்டுக்கான கட்டணம் 275 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்.

2.2 விசிட் விசா என்னும் குறுக்குவழி

‘இப்போ விசிட்ல போங்க, போனதும் மாத்திக்கலாம்’ என்ற பேச்சு நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. சுற்றுலாவுக்குச் செல்பவரிடம் குடியேற்ற அனுமதி கேட்பதில்லை என்பதே இந்த வழி பெருகக் காரணம். இதில் போகிறவர் பதிவையும் காப்பீட்டையும் ஒருசேர இழக்கிறார். அனுமதியின்றி ஆளை வேலைக்கு வைக்கும் நிறுவனத்துக்கு 2024ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் உண்டு. தொழிலாளியின் நிலை அதைவிட மோசம். விசாவின் கெடு முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம் ஏறும். சம்பளம் வராவிட்டால் புகார் கொடுக்கவும் அஞ்சுவார், ஏனெனில் அவர் வேலை செய்ததே குற்றமாகிவிடும். கெடு தாண்டித் தங்கியவர்களுக்கு 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் பொதுமன்னிப்பு வழங்கியது. அதை நம்பி யாரும் பயணத் திட்டம் போட முடியாது.

3. வேலைக் கடிதம்

3.1 தமிழில் படிக்கும் உரிமை

2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் நிலையான படிவத்தில் அமைந்த ஆஃபர் லெட்டரில் தொழிலாளி முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். பின்னர் வரும் ஒப்பந்தம் அதற்குக் குறைவாக இருக்கக் கூடாது. அரபு, ஆங்கிலத்துடன் தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் ஆஃபர் லெட்டர் இருக்க வேண்டும். அமைச்சகம் அளிக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. ‘ஆங்கிலத்தில்தான் வரும், கையெழுத்துப் போடு’ என்று முகவர் சொன்னால், தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

3.2 படிக்க வேண்டிய வரிகள்

முதலாவது, பதவிப் பெயர். வெல்டருக்கு ‘ஹெல்ப்பர்’ என்று எழுதியிருந்தால், அங்கே போய் வெல்டர் சம்பளம் கேட்கத் தாளில் ஆதாரம் இருக்காது.

இரண்டாவது, அடிப்படைச் சம்பளம். மொத்தம் 1,200 திர்ஹாம் தருவதாகச் சொல்லும் இரண்டு கடிதங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் அடிப்படை 600, மீதி படிகள். மற்றதில் அடிப்படை 900. மாதச் சம்பளம் ஒன்றே. ஆனால் ஓவர்டைமும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு மணிக்கூலியுடன் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். மாதம் 52 மணி நேர ஓவர்டைமுக்கு முதல் கடிதக்காரர் பெறுவது 162 திர்ஹாம் சொச்சம். இரண்டாமவர் பெறுவது 243 சொச்சம். பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஐந்தாண்டு முடிவில் ஒருவர் கையில் 2,100, மற்றவர் கையில் 3,150. ஒரே பட்டறை, ஒரே வேலை. வேறுபாடு கையெழுத்துப் போட்ட அன்றே வந்துவிட்டது.

மூன்றாவது, தங்குமிடம், உணவு, விடுமுறை, டிக்கெட் பற்றிய வரிகள். வாயால் சொன்ன எதுவும் கடிதத்தில் இல்லையென்றால், இல்லை என்றே கொள்ள வேண்டும்.

3.3 சரிபார்த்தல்

கடிதத்திலுள்ள பரிவர்த்தனை எண்ணை அமைச்சக இணையதளத்தில் இட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். 1995இல் தொடங்கிய ஹம்ரியா, ஷார்ஜா விமான நிலையத் தடையற்ற வணிக மண்டலங்களில் வேலை என்றால் அந்தந்த மண்டல ஆணையத்தின் தாள் வரும். அங்கே அந்த ஆணையத்தின் வழியே சரிபார்க்க வேண்டும்.

4. செலவும் கடனும்

2022 பிப்ரவரி 2இல் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டம், ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்கிறது. இந்திய விதிப்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்பது சட்ட மீறல்.

ஆனாலும் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நகையை அடகு வைத்தோ நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியோதான் பலர் அதைப் புரட்டுகிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கு அந்த விகிதத்தில் வட்டி மட்டும் மாதம் 3,000 ரூபாய். கடன் தலைக்கு மேல் இருப்பவரால், சம்பளம் தாமதமானாலும், சொன்ன வேலை வேறாக இருந்தாலும், எதிர்த்துப் பேச முடியாது. சகித்துக்கொண்டு கிடப்பதைத் தவிர வழியில்லை. சட்டம் தரும் பாதுகாப்பை முதலில் தின்பது கடன். எனவே கடனைக் குறைப்பதே ஆயத்தங்களில் தலையாயது.

5. உடலும் பெட்டியும்

அமீரகத்தில் இறங்கியதும் காசநோய், எச்.ஐ.வி. உள்ளிட்ட மருத்துவப் பரிசோதனை உண்டு. தேறாதவர் திரும்ப நேரிடும். ஆகவே கடன் வாங்குவதற்கு முன்பே ஊரில் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பெட்டி பற்றிச் சில எச்சரிக்கைகள். நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அம்மா கட்டித்தரும் மசாலாப் பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அமீரக அரசின் முன் அனுமதி வேண்டும். மற்ற மருந்துகளையும் மருத்துவர் சீட்டுடனேயே எடுத்துச் செல்ல வேண்டும். அடுத்த வீட்டார் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஷார்ஜாவில் மதுவுக்கும் தடை உண்டு.

கோடையில் சென்று இறங்குபவர் ஒன்றை அறிந்து செல்லட்டும்: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது விதி.

6. வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியவை

பாஸ்போர்ட், விசா, ஆஃபர் லெட்டர், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் ஒரு தொகுப்பு மனைவியிடமோ பெற்றோரிடமோ இருக்க வேண்டும். கம்பெனியின் முழுப் பெயரும் கேம்ப்பின் இடமும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கிறது, ஆயினும் நடக்கிறது. அப்போது ஊரிலுள்ள நகலே கைகொடுக்கும். துயரம் ஏதும் நேர்ந்தால் காப்பீடு கேட்கவும், உடலை ஊருக்குக் கொண்டுவரவும் குடும்பம் முதலில் தேடுவது இந்தத் தாள்களைத்தான்.

வங்கியில் என்.ஆர்.இ. கணக்கு தொடங்கி, நியமனதாரர் பெயரைப் பதிந்துவிட வேண்டும். அமீரகத்தில் உதவி கேட்க இந்திய அரசின் உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. இதைப் பயணியும் குடும்பத்தாரும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

7. முடிவுரை

சட்டம் இரு நாட்டிலும் இருக்கிறது. அது எட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், தொழிலாளி படிக்காமல் கையெழுத்திட்ட தாளும், கணக்குப் பார்க்காமல் வாங்கிய கடனும்தான். இவ்விரண்டும் நம் ஊரிலேயே நடப்பவை. ஆகவே நம் ஊரிலேயே தடுக்கக்கூடியவை. ஊர் நூலகமும் பள்ளி ஆசிரியரும் சங்கத்தாரும், புறப்படும் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி அவர் கடிதத்தைப் படித்துச் சொல்ல முன்வர வேண்டும். புறப்படுவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஆஃபர் லெட்டரைத் தமிழில் படித்து, அதன் எண்ணைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.